இரவு 9 மணிக்குத் திணறும் 100 எம்பிபிஎஸ் இணையம்: மூன்றில் எதற்கு மாறலாம்?

மாடிவீடு | திங்கள், இரவு 11.52

பாளையங்கோட்டையில் கேடிசி நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன், வீட்டிலிருந்தே. மதியம் இரண்டு முதல் இரவு பதினொன்று வரை ஷிப்ட். சென்னை அலுவலகக் கணினிக்குள் ரிமோட்டில் நுழைந்துதான் எல்லா வேலையும். என் லேப்டாப் வெறும் கண்ணாடி மாதிரி, அதில் எதுவும் கிடையாது.

இரவு எட்டரை வரை ஒரு குறையும் இல்லை. அதற்கு அப்புறம் டைப் செய்யும் எழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் திரையில் விழுகிறது. ஒன்பதரைக்குத் திரையே உறைந்துவிடுகிறது. நேற்று ஒரே சார்ட்டை, அதாவது நோயாளிக் குறிப்பை, மூன்று தடவை திறந்து மூடினேன்.

புகார் சொன்னால் பையன் ஒருவர் வருகிறார். போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "பாருங்கக்கா, நூறுக்குத் தொண்ணூத்தாறு வருது, உங்க லேப்டாப்புதான் பழசு" என்று காட்டிவிட்டுப் போய்விடுகிறார். 96 வருவது உண்மை. யூடியூபும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

நிறுவனத்தின் பெயர் போட்டுத் திட்டக்கூடாது என்று இந்த மன்றத்தில் விதி இருப்பதால் அ, ஆ, இ என்றே சொல்கிறேன்.

அ: இப்போது இருப்பது. கேபிள் டிவிக்காரரின் நெட். தெருமுனைக் கம்பத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அங்கிருந்து மாடிக்கு லேன் ஒயர். 100 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு நூறு மெகாபிட் வேகம். ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கட்டியாயிற்று, இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

ஆ: ஃபைபர், வீட்டுக்குள் வரை கண்ணாடி இழை. ஆனால் 60 எம்பிபிஎஸ்தான். மாதம் நூற்றைம்பது ரூபாய் கூடுதல்.

இ: 5ஜி ஏர், செல்போன் கோபுரத்திலிருந்து ஒயர் இல்லாமல் வரும் நெட். மொட்டை மாடியில் ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போவார்களாம். 100 எம்பிபிஎஸ்.

"நூறிலிருந்து அறுபதுக்குப் போய் அதற்குப் பணம் வேறு கூடக் கொடுப்பாளா ஒருத்தி?" என்கிறார் வீட்டுக்காரர். பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிங்பாண்டி | செவ்வாய், 12.10

அக்கா, ஸ்பீடை விடுங்க. ரிமோட் வேலைக்கு நாலைந்து எம்பிபிஎஸ் தாராளம். உங்களுக்கு வேண்டியது பிங். சுட்டியைத் தட்டியதும் சென்னைக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது, நடுவில் எத்தனை பாக்கெட் (தகவல் துண்டு) தொலைகிறது, இரண்டுதான் கணக்கு. கேம் விளையாடுகிறவன் சொல்கிறேன், நம்பலாம். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பதேகாலுக்கு ஒரு தடவை அளந்து போடுங்கள். வைஃபையில் அளக்காதீர்கள், ஒயரைச் செருகி அளங்கள்.

பழைய எக்சேஞ்ச் | செவ்வாய், காலை 6.40

அம்மா, தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு இணைப்பு எல்லாமே பங்கு இணைப்புதான். 2005-இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது 256 கேபிபிஎஸ், அதாவது கால் எம்பிபிஎஸ். செம்புக் கம்பி வீட்டுக்கு ஒரு ஜோடி, அதில் யாரும் பங்கில்லை. ஆனால் எக்சேஞ்சுக்கு வந்து சேர்ந்ததும் எல்லா ஜோடியும் ஒரே வாய்க்காலில்தான் விழும். அன்றும் பங்கு, இன்றும் பங்கு. எந்த இடத்தில் பங்கு, எத்தனை பேருக்குப் பங்கு என்பதில்தான் வித்தியாசம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குளத்துப் பாசனம் தெரியும். மடையைத் திறந்தால் தலைமடைக்காரன் வயல் நிறையும், கடைமடைக்காரன் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பான். வாய்க்கால் எவ்வளவு அகலம் என்று அளந்து என்ன செய்வது? குளத்தில் தண்ணீர் எவ்வளவு, ஆயக்கட்டு எவ்வளவு என்றல்லவா கேட்க வேண்டும்? உங்கள் கேபிள்காரர் 100 என்று சொல்வது வாய்க்கால் அகலத்தை.

இதற்கென்று விதிகளும் வந்தன. 2006-இல் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், போட்ட தர விதியில், உச்ச நேரத்தில்கூட நிறுவனத்தின் மேல்வழி இணைப்பு (வெளி இணையத்தோடு சேர்க்கும் பொது வழி) எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது என்று இருந்தது. 2009-இல் வந்த வழிகாட்டுதலில் வீட்டு இணைப்புக்கு ஐம்பதுக்கு ஒன்று, வணிக இணைப்புக்கு முப்பதுக்கு ஒன்று என்று பங்கு விகிதமே சொன்னார்கள். தெருமுனைப் பெட்டிக்கு வந்து எண்ணிப் பார்க்கிறவர் யார் என்பது வேறு கதை.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9.15

ஐயா சொன்னதை எண்ணில் வைத்துப் பார்க்கிறேன். எண்கள் என் ஊகம்தான், முறை சரி.

ஒரு சிறு ஆபரேட்டர் மேலேயிருந்து 1 ஜிபிபிஎஸ் வாங்குகிறார், அதாவது 1000 எம்பிபிஎஸ். 400 வீட்டுக்கு ஆளுக்கு 100 என்று விற்கிறார். விற்றது 40,000. நாற்பதுக்கு ஒன்று. அந்த ஐம்பது விகிதத்துக்குள்தான் இருக்கிறார், பாவம், ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது.

மதியம் மூன்று மணிக்கு 30 வீடு விழித்திருக்கும். கேட்டவருக்கு 100 கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு 250 வீட்டில் டிவி, போன், டேப் எல்லாம் ஒன்றாக ஓடும். ஆயிரத்தை 250-ஆல் வகுத்தால் 4. ஒரு எச்டி படத்துக்கு 5 வேண்டும், 4கே என்றால் 15. அங்கேதான் முட்டுகிறது.

இப்போது 'ஆ'வைப் பாருங்கள். 60 மட்டும் விற்கிறவர் அதே ஆயிரத்தை 100 வீட்டுக்குக் கொடுத்தால் விகிதம் ஆறுக்கு ஒன்று. உங்கள் வீட்டுக்காரரிடம் இந்த ஒரு கணக்கைக் காட்டுங்கள். நாற்பது பேர் பங்கு போடும் நூறு பெரிதா, ஆறு பேர் பங்கு போடும் அறுபது பெரிதா?

கடுகு | செவ்வாய், காலை 9.48

இதற்குப் பெயர் ஏமாற்று இல்லையென்றால் வேறென்ன? ஆயிரத்தை வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் விற்பவனைத் தியேட்டர்காரன் என்றால் அடித்திருப்போம்.

ஸ்ப்ளைசர் | செவ்வாய், மதியம் 1.30

நான் அந்தப் பக்கத்து ஆள். ஃபைபர் ஒட்டுகிற வேலை, மூன்று மாவட்டத்தில் ஆபரேட்டர்களுக்குச் செய்கிறேன். கடுகு அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் பஸ்சும் தண்ணீர்த் தொட்டியும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. தெருவில் எல்லாரும் ஒரே நிமிடம் குழாயைத் திறந்தால் எந்த ஊரில் தண்ணீர் வரும்? யாருக்கும் பங்கில்லாத தனி லைன் வேண்டுமென்றால் லீஸ்டு லைன் இருக்கிறது. விலை கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

பங்கு போடுவது தப்பில்லை. தப்பு எங்கே என்றால், 200 வீடு இருந்தபோது வாங்கிய 1 ஜிபிபிஎஸ்ஸையே 400 வீடு ஆன பிறகும் வைத்துக்கொண்டிருப்பது. மேலே பணம் கட்டிக் கூட்டாமல் இழுத்தடிப்பார்கள். எனக்குத் தெரிந்து அப்படி நாலு பேர் இருக்கிறார்கள், மாதாமாதம் கூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அக்காவின் 96 மர்மத்துக்கு வருகிறேன். ஸ்பீட் டெஸ்ட் செயலி பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்தச் சர்வர் பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனமோ அதற்கு மேலே இருப்பவரோ வைத்ததுதான். நெருக்கடியான மேல்வழியைத் தொடாமலே போய்த் திரும்பிவிடும். வீட்டிலிருந்து வாசல்வரை ஓடிவிட்டு நான் நன்றாக ஓடுகிறேன் என்று சொல்வது மாதிரி. யூடியூப் ஏன் ஓடுகிறது? கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கிற வீடியோக்களை வைத்த சேமிப்புப் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். படம் உள்ளூரிலேயே கிடைத்துவிடும். உங்கள் அலுவலகக் கணினிக்கு அப்படிப் பெட்டி கிடையாதே, ஒவ்வொரு எழுத்தும் சென்னைக்குப் போய்த்தான் வர வேண்டும்.

ஆகவே டெஸ்ட்டில் சர்வரைக் கையால் மாற்றுங்கள். மும்பை போடுங்கள், சிங்கப்பூர் போடுங்கள். இரவு ஒன்பதரைக்குப் போடுங்கள்.

மாடிவீடு | செவ்வாய், இரவு 11.35

அளந்தேன். பெரியவன் பழைய ஒயர் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

காலை 10 மணி: அலுவலகத்துக்கு பிங் 14 மில்லி விநாடி, தொலைந்த பாக்கெட் ஒன்றும் இல்லை. உள்ளூர் டெஸ்ட் 95, சிங்கப்பூர் 71.

இரவு 9.20: உள்ளூர் டெஸ்ட் 94. சிங்கப்பூர் 6. அலுவலகத்துக்கு பிங் 160-இலிருந்து 400 வரை குதிக்கிறது. நூறில் ஏழு பாக்கெட் வரவே இல்லை.

அப்போது என் லேப்டாப் பழசு இல்லை!

பழைய எக்சேஞ்ச் | புதன், காலை 6.15

லேப்டாப்பிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். பாளையிலிருந்து சென்னை ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஐந்து மைக்ரோ விநாடி, போய்வர ஆறு மில்லி விநாடி. சுற்றுப்பாதை, நடுவில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் சேர்த்துப் பதினாலு என்பது நல்ல அளவு. அதே பாதை இரவில் 400 ஆகிறதென்றால் தூரம் கூடவில்லை, எங்கேயோ வரிசையில் நிற்கிறது. வரிசை நிரம்பி வழிந்தால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். உங்கள் ஏழு அதுதான்.

பிங்பாண்டி | புதன், காலை 11.05

ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள் அக்கா. கம்பத்துப் பெட்டி வரைக்கும் ஒரு பிங், அதாவது டிரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் பாதையை வரிசையாகக் காட்டும் கட்டளை) ரவுட்டருக்கு அடுத்து வரும் முதல் முகவரி. அது இரவிலும் இரண்டு மூன்று மில்லி விநாடியில் இருந்தால் உங்கள் ஒயர் சுத்தம், நெரிசல் மேலேதான்.

மாடிவீடு | புதன், இரவு 10.20

பார்த்தேன் தம்பி. முதல் முகவரி 100.70 என்று தொடங்குகிறது. இரண்டு மில்லி விநாடி, அசையவே இல்லை.

பிங்பாண்டி | புதன், இரவு 10.31

முடிந்தது கதை. 100.64 முதல் 100.127 வரை வந்தால் ஐபி முகவரியையும் (இணையத்தில் வீட்டு விலாசம் மாதிரி) பல வீட்டுக்குப் பங்கு போடுகிறார்கள் என்று அர்த்தம். பின்னால் சிசிடிவி வைத்து வெளியூரிலிருந்து நேராகப் பார்க்க நினைத்தால் இடிக்கும், ஐபிவி6 என்கிற புது வகை முகவரி தருகிறார்களா என்று கேட்டு வையுங்கள். உங்கள் வேலைக்கு இது பிரச்சினை இல்லை.

கடுகு | புதன், இரவு 10.50

ஃபைபருக்கு மாறினால் மட்டும் பங்கு இல்லையா? அதையும் ஸ்ப்ளிட்டர் போட்டுத்தானே பிரிக்கிறீர்கள்? தம்பி ஸ்ப்ளைசர் இதைச் சொல்லாமல் போய்விட்டாரே.

ஸ்ப்ளைசர் | வியாழன், காலை 8.05

சொல்லிவிடுகிறேன் அண்ணே, ஒளிக்க என்ன இருக்கிறது.

ஜிபான் என்கிற முறையில் ஒரு இழையில் கீழே வர 2.488 ஜிபிபிஎஸ், மேலே போக 1.244. அந்த இழையை முதலில் எட்டாகவும், தெருவுக்குத் தெரு மறுபடி எட்டாகவும் பிரித்தால் 64 வீடு. 2488-ஐ 64-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 39. சின்ன ஆபரேட்டர்கள் நிறையப் பேர் போடுவது ஈபான் என்கிற வேறு முறை, அதில் மொத்தமே 1.25. அங்கே 64 வீடு என்றால் இருபதுக்கும் கீழே.

ஸ்ப்ளிட்டர் என்பது வெறும் கண்ணாடி. கரண்ட் வேண்டாம், மூளை கிடையாது. கீழே வரும் வெளிச்சம் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே போகும், அவரவர் மோடம் அவரவருக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே அனுப்பும்போது ஒரே நேரத்தில் எல்லாரும் பேச முடியாது. ஐயா சொன்ன குளத்துக் கணக்குத்தான், முறை வைத்துத் திறப்பது. யாருக்கு எப்போது முறை என்று ஆபரேட்டர் பக்கம் இருக்கிற ஓஎல்டி என்கிற கருவி சொல்லும்.

ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், இழை நெரிந்து நான் பார்த்தது அபூர்வம். எல்லா வீடும் ஒரே விநாடியில் முழு வேகம் கேட்பதில்லை. நெரிவது ஓஎல்டிக்கு மேலே. ஆகவே 'ஃபைபர் கொடுப்பீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் கொடுப்பார்கள். 'ஓஎல்டிக்கு மேலே எத்தனை ஜிபி, இப்போது எத்தனை வீடு' என்று கேளுங்கள். சொல்லமாட்டார்கள்தான். ஆனால் கேட்டதும் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள், பாதி பதில் அதில் வந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அது கரண்டில் ஓடுகிறது. தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போகும். ஐப்பசியில் இடி விழுந்தால் லேன் ஒயர் வழியாக வந்து ரவுட்டரை எரித்துவிட்டுப் போகும். கண்ணாடியில் அந்தப் பயம் இல்லை.

மாடிவீடு | வியாழன், காலை 8.40

போன ஐப்பசியில் இரண்டு ரவுட்டர் போயிற்று. இப்போதுதான் காரணம் தெரிகிறது.

தென்காசிச்சாரல் | வியாழன், மாலை 5.20

'இ' பற்றி யாரும் பேசவில்லை. நான் எட்டு மாதமாக 5ஜி ஏர்தான் வைத்திருக்கிறேன், தோட்டத்து வீட்டுக்கு வேறு எதுவும் வராது. மாட்டிய புதிதில் 100 சும்மா பறந்தது. கோபுரத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிற எல்லா வீட்டு டப்பாவும், சாலையில் போகிறவர்களின் போனும் அதே அலைவரிசையைத்தான் பங்கு போட வேண்டும். குற்றால சீசன் வந்ததும் பார்க்க வேண்டுமே! சனி, ஞாயிறு மாலையில் 12. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி 100. பிங் எப்போதும் 35, 40. சில சமயம் காரணமே இல்லாமல் 120.

படம் பார்க்க, பிள்ளைகள் படிக்க நல்லது, ஒரே நாளில் மாட்டிவிடுவார்கள். சகோதரியின் வேலைக்கு நான் சொல்லமாட்டேன். இன்னொன்று, மாத அளவையும் பாருங்கள். ஃபைபரில் பெரும்பாலும் 3300 ஜிபி என்பார்கள், ஏரில் 1000 ஜிபி. அது தாண்டினால் 'அன்லிமிடெட்' பறப்பதை விட்டு நடக்க ஆரம்பித்துவிடும்.

கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 7.30

3300 ஜிபியை 60 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இழுத்தால்கூடத் தீர ஐந்து நாள் ஆகும். சாதாரண வீடு அதைத் தொடவே தொடாது. அந்த வரம்பு அக்காவுக்காக இல்லை, ராத்திரி பகலாக டோரண்டில் பெரிய கோப்புகளை இறக்க ஓடவிடுகிற ஆளுக்காக. மாநகராட்சிக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவருக்குப் போடும் பூட்டு. எனக்கு அந்தப் பூட்டு இருக்கும் நிறுவனம்தான் பிடிக்கும்.

கடுகு | வியாழன், இரவு 7.44

அந்த மோட்டார்க்காரன் நான்தான். காசு கொடுத்து வாங்கியதை ஓடவிடுகிறேன், என்ன தப்பு?

ஸ்ப்ளைசர் | வியாழன், இரவு 7.58

ஒன்றும் தப்பில்லை அண்ணே. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஓடவிடுங்கள், ஊரே உங்களை வாழ்த்தும்.

பழைய எக்சேஞ்ச் | வெள்ளி, காலை 6.30

2023 நவம்பரில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். கேபிள் டிவியில் ஒரே சிக்னல், ஆயிரம் வீடு பார்த்தாலும் ஒன்றுதான். நெட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஓட்டம். ஆகவே ஒரு இணைப்பைச் சோதிக்க நல்ல நாள், மேட்ச் நடக்கும் இரவு. அம்மா, உங்கள் தெருவில் 'ஆ' வைத்திருக்கிற வீடு ஏதாவது உண்டா? பணம் கட்டுவதற்கு முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போங்கள்.

மாடிவீடு | ஞாயிறு, இரவு 10.48

போய்விட்டு வந்தேன். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு, டியூஷன் டீச்சர். பழக்கம் அதிகம் இல்லை, இருந்தாலும் கேட்டேன். இரவு ஒன்பது மணிக்கு லேப்டாப்போடு போய் நின்றால் யாராக இருந்தாலும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். விஷயத்தைச் சொன்னதும் இஸ்திரி மேசையில் துணியை ஒதுக்கி இடம் கொடுத்தார். ஹாலில் அவர் மாமனார் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே பையன் கேம்.

ஒயரைச் செருகி 9.10 முதல் 9.50 வரை பிங் ஓடவிட்டேன். 16, 16, 17, 19, 16. ஒரே ஒரு தடவை 44. தொலைந்தது பூஜ்யம். சிங்கப்பூர் 52. நடுவில் மாமனார் "என்னம்மா, நம்ம வீட்டு நெட்டுக்கு பிரஷர் பார்க்கிறியா?" என்று கேட்டார். காபி வேறு வந்தது.

மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். 'அ'வில் பாக்கி இரண்டு மாதப் பணம் திரும்பி வராதாம். போகட்டும்.

ஸ்ப்ளைசர் | திங்கள், காலை 7.50

மாட்டும்போது நாலு விஷயம் பாருங்கள் அக்கா. ஒளி அளவைக் காட்டச் சொல்லுங்கள், டிபிஎம் கணக்கில் மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐ நெருங்கினால் மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஜன்னல் ஓரத்தில் இழையை ஒடித்து மடக்க விடாதீர்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம், அணைத்துப் போட்டுப் பயனில்லை, போன் செய்யுங்கள். 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள்.

மாடிவீடு | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 11.20

முடிவை இங்கே வந்து சொல்லத் தவறிவிட்டேன். 'ஆ' மாட்டி இரண்டரை வாரம் ஆகிறது. ஒளி மைனஸ் 19.4. இரவு பிங் 16, 17. போன வியாழக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை, எங்கேயோ ரோடு தோண்டி இழையை வெட்டிவிட்டார்களாம். அலுவலகத்தில் என் பெயர் கெட்ட பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. வீட்டுக்காரர் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் நாற்பதுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று அவரே கண்டுபிடித்த மாதிரி விளக்குகிறார்.

அதில்தான் ஒரு சிக்கல். அவர் விளக்கியதில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டார் 'ஆ'வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கீழ்வீட்டுக்காரரும் கேட்கிறார். நான் என்ன சொல்ல?

ஸ்ப்ளைசர் | சனி, இரவு 11.41

உங்கள் கம்பத்தில் இருப்பது எட்டு வழி ஸ்ப்ளிட்டர் அக்கா. டீச்சர் வீடு, நீங்கள், இந்த ஐந்து. இன்னும் ஒன்று காலி. கீழ்வீட்டுக்காரருக்கு வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லுங்கள்.

கடுகு | சனி, இரவு 11.46

அந்தத் தெருவில் வீடு வாடகைக்கு ஏதாவது இருக்கிறதா?